கணினிக் கேள்வி பதில்: ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி போடலாமா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டுக்குப் பதிலாகச் சிப்புகளில் தகவலைச் சேமிக்கும் டிஸ்க் பற்றியவை. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இப்பக்கங்கள் முழுவதையும் இதற்கே ஒதுக்கியிருக்கிறேன். இடம் கருதிக் கேள்விகளைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: 2014-இல் வாங்கிய டெஸ்க்டாப் எங்கள் வீட்டில் இருக்கிறது. நான்காம் தலைமுறை ஐ3 பிராசஸர், 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், விண்டோஸ் 10. சுவிட்சைப் போட்டுவிட்டுப் போய்க் காபி கலந்து குடித்து முடித்து வந்தாலும் பிரவுசர் திறந்தபாடில்லை. எஸ்எஸ்டி போட்டால் புதிது மாதிரி ஓடும் என்கிறார் சர்வீஸ் செய்பவர். பழைய பெட்டிக்குச் செலவு செய்யாதீர்கள், புதிதாகவே வாங்கிவிடலாம் என்கிறான் என் மகன். எது சரி?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்)

பதில்: சர்வீஸ் செய்பவர் சொல்வது பெரும்பாலும் சரிதான். ஆனால் அவர் சொல்லாமல் விட்ட ஒரு செய்தியும் இருக்கிறது. அதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்களே ஒரு சோதனை செய்து பாருங்கள். நாளை காலை கணினியைப் போட்டதும், திரை வந்த உடனேயே கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் சிபியு (பிராசஸர்), மெமரி (ரேம்), டிஸ்க் என்று தனித்தனிப் பத்திகளில் சதவீதக் கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். சிபியு இருபது முப்பதில் இருக்க, டிஸ்க் மட்டும் 100 சதவீதத்திலேயே சில நிமிடம் நின்றுகொண்டிருந்தால், நீங்கள் காத்திருப்பது ஹார்ட் டிஸ்க்குக்காகத்தான். எஸ்எஸ்டிக்குச் செலவிடும் பணம் வீண்போகாது. அப்படி இல்லாமல் சிபியு 100-இல் நின்றால் எஸ்எஸ்டி போட்டும் பெரிய பயன் இருக்காது.

இந்தச் சோதனையின்போது ஒரு வினோதத்தையும் பார்ப்பீர்கள். டிஸ்க் 100 சதவீதம் வேலை செய்வதாகக் காட்டும். ஆனால் அது படிக்கும் வேகம் என்னவென்று பார்த்தால், நொடிக்கு ஒன்றிரண்டு எம்பிதான் இருக்கும். நொடிக்கு 100 எம்பிக்கு மேல் படிக்கக்கூடிய அதே ஹார்ட் டிஸ்க் ஏன் இப்படித் திணறுகிறது? ஒரே ஒரு பையன் வேலை பார்க்கும் மளிகைக் கடையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு மூட்டை அரிசி வேண்டும் என்றால் அவன் ஒரே நடையில் தூக்கி வந்து போட்டுவிடுவான். கடுகு ஐம்பது கிராம், மிளகு இருபத்தைந்து கிராம், பெருங்காயம் ஒரு டப்பா என்று நாற்பது சாமான்களுக்கு நீங்கள் சீட்டு நீட்டினால், எடை மொத்தம் ஐந்து கிலோகூடத் தேறாது. ஆனால் நாற்பது முறை உள்ளே போய் வர வேண்டும். விண்டோஸ் தொடங்கும்போது ஹார்ட் டிஸ்க்கிடம் நீட்டுவது இந்த மாதிரிச் சீட்டைத்தான், அதுவும் ஆயிரக்கணக்கான சாமான்களுக்கு.

கணக்கும் போட்டுப் பார்த்துவிடலாம். உங்கள் ஹார்ட் டிஸ்க்கில் உள்ள தட்டு நிமிடத்துக்கு 7200 முறை சுற்றுகிறது என்றால், ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி ஆகும். வேண்டிய இடம், தகவலைப் படிக்கும் ஊசிமுனைக்குக் கீழே வந்து சேர, சராசரியாக அரைச் சுற்று, அதாவது சுமார் 4 மில்லி நொடி காத்திருக்க வேண்டும். அதற்கு முன் அந்த ஊசிக்கை சரியான வளையத்துக்கு நகர 8 அல்லது 9 மில்லி நொடி. இரண்டையும் கூட்டினால், எங்கோ ஒரு மூலையில் கிடக்கும் ஒரு சிறு துண்டை எடுக்க 12, 13 மில்லி நொடி ஆகிறது. நொடிக்குச் சுமார் 80 துண்டுகளுக்கு மேல் முடியாது. துண்டு ஒவ்வொன்றும் 4 கேபி என்றால், நொடிக்கு 320 கேபி! 1956-இல் ஐபிஎம் நிறுவனம் ஐம்பது தட்டுகளை அடுக்கி முதல் ஹார்ட் டிஸ்க்கை வெளியிட்ட காலத்திலிருந்தே சுழலும் தட்டு, நகரும் கை என்பதுதான் அமைப்பு. கொள்ளளவு பல லட்சம் மடங்கு பெருகியும் கை நகரும் நேரம் அந்த அளவுக்குக் குறையவில்லை. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கோ நகர்வதற்கோ எதுவும் இல்லை. எந்த மூலையில் இருக்கும் துண்டானாலும் ஏறத்தாழ மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் கைக்கு வந்துவிடும். ஆகவே நீங்கள் எஸ்எஸ்டி வாங்குகிறீர்கள் என்றால் வாங்குவது வேகத்தையல்ல, காத்திருப்பிலிருந்து விடுதலையை.

அடுத்தது ரேம். டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பத்தியையும் பாருங்கள். பிரவுசரில் நான்கைந்து பக்கங்கள் திறந்திருக்கும்போது அது 85, 90 என்று நின்றால், இடம் போதாமல் விண்டோஸ் ரேமில் இருப்பதை டிஸ்க்கில் எழுதுவதும் திரும்ப எடுப்பதுமாக அல்லாடுகிறது என்று பொருள். எஸ்எஸ்டி அந்த அல்லாட்டத்தை உங்கள் கண்ணுக்கு மறைக்கும்; தீர்க்காது. உங்கள் மதர்போர்டுக்குரியது டிடிஆர்3 வகை ரேம். பழையது நல்ல நிலையில் கிடைத்தாலும் போதும், இன்னொரு 4 ஜிபி சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி சர்வீஸ் செய்பவர் விட்டுவிட்ட செய்தி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை முதலான பிராசஸரும் டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்பு ஏற்பாடும் வேண்டும் என்பது விதி. உங்கள் நான்காம் தலைமுறை அந்தப் பட்டியலில் இல்லை. எஸ்எஸ்டி உங்கள் கணினியை விரைவாக்கும். பழைய விண்டோஸின் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்காது. வங்கி வேலைகளை இதில்தான் செய்கிறீர்கள் என்றால், எஸ்எஸ்டி போடும் கையோடு லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவிக்கொள்வதே நல்லது. இணையம் பார்க்கவும், கடிதம் தட்டச்சு செய்யவும், பேரப்பிள்ளைகளோடு வீடியோவில் பேசவும் அது தாராளமாகப் போதும்.

பணத்தைப் பொறுத்தவரை என் முடிவு இது. எஸ்எஸ்டியும் ரேமும் சேர்ந்து புதுக் கணினி விலையில் நான்கில் ஒரு பங்குக்குள் அடங்கினால் போட்டுவிடுங்கள். உங்கள் மகன் சொல்கிறபடி இரண்டு ஆண்டு கழித்துப் புதிது வாங்கினாலும், இந்த எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம். 240 அல்லது 256 ஜிபி போதும். 500 ஜிபிக்கு விலை வித்தியாசம் கொஞ்சம்தான் என்றால் அதையே எடுங்கள். பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாமல் கோப்புகளுக்கென்று உள்ளேயே விட்டுவிடலாம். உங்கள் போர்டு அக்காலத்து எச்81 வகையாக இருந்தால், அதில் டிஸ்க்குகளைச் செருகுவதற்கென உள்ள நான்கு சாட்டா முனைகளில் இரண்டு மட்டுமே 6 ஜிகாபிட் வேகமுடையவை. பல போர்டுகளில் அவற்றுக்கு வேறு நிறம் இருக்கும். எஸ்எஸ்டியை அதில் செருகச் சொல்லுங்கள். மாற்றிச் செருகிவிட்டாலும் குடி முழுகிவிடாது. பெரிய கோப்புகளை நகலெடுக்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

கேள்வி: கடையில் தீப்பெட்டியைத் தட்டையாக்கியது போல் ஒன்றும், சூயிங்கம் பட்டை போல் ஒன்றும் காட்டுகிறார்கள். ஒன்றில் 550 என்றும், இன்னொன்றில் 3500 என்றும், வேறொன்றில் 7000 என்றும் வேகம் போட்டிருக்கிறது. வீட்டுக் கணக்கு எழுதவும் பிள்ளைகள் படிப்புக்கும் எது வாங்க வேண்டும்?
(இல்லத்தரசி, தூத்துக்குடி)

பதில்: உங்கள் கணினி எதை ஏற்கிறதோ அதைத்தான் வாங்க முடியும் என்பதால், தேர்வு பாதி முடிந்துவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பெட்டி போல் இருப்பது 2.5 அங்குல சாட்டா வகை. பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க் இருந்த இடத்திலேயே உட்காரும். பட்டை போல் இருப்பது எம்.2, அதற்கு மதர்போர்டில் தனி ஸ்லாட் வேண்டும். பட்டையின் மேல் 2280 என்று அச்சிட்டிருந்தால், 22 மில்லி மீட்டர் அகலம், 80 மில்லி மீட்டர் நீளம் என்று பொருள்.

பலரும் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. எம்.2 என்பது வடிவத்தின் பெயர்தான். அந்த வடிவத்துக்குள்ளேயே சாட்டா வகையும் இருக்கிறது, அதைவிட வேகமான என்விஎம்இ வகையும் இருக்கிறது. செருகும் முனையில் இரண்டு வெட்டுகள் இருந்தால் பெரும்பாலும் சாட்டா. ஒரே வெட்டு என்றால் பெரும்பாலும் என்விஎம்இ. சில போர்டுகளின் ஸ்லாட் ஒன்றை மட்டுமே ஏற்கும்; மற்றதைச் செருகினால் கச்சிதமாக உட்காரும், ஆனால் கணினிக்கு அது இருப்பதே தெரியாது. லேப்டாப்பின் மாடல் எண்ணைத் துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு போய், கடைக்காரரைத் தயாரிப்பாளரின் பக்கத்தில் தேடிப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள்.

550, 3500, 7000 என்பவையெல்லாம் பெரிய கோப்பு ஒன்றை ஒரே மூச்சில் படிக்கும்போது கிடைக்கும் வேகங்கள். மேலே சொன்ன அரிசி மூட்டைக் கணக்கு. வீட்டு வேலையில் பெரும்பாலும் வருவது கடுகு, மிளகுக் கணக்குத்தான். ஹார்ட் டிஸ்க்கிலிருந்து 550 எம்பி எஸ்எஸ்டிக்கு மாறும்போது உங்களுக்குத் தெரியும் மாற்றம் பெரியது. அதிலிருந்து 7000-க்குப் போகும்போது கடிகாரத்தைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் தெரியும். நீண்ட வீடியோக்களை எடிட் செய்பவர்கள் வேறு இனம், அவர்கள் வாங்கிக்கொள்ளட்டும். இரண்டும் ஒரே விலைக்குக் கிடைத்து, உங்கள் கணினியும் ஏற்குமானால் என்விஎம்இ வாங்குவதில் தவறில்லை.

கேள்வி: வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். எஸ்எஸ்டி வாங்கிவிட்டேன். ஹார்ட் டிஸ்க்கில் இருப்பதை அப்படியே நகலெடுத்து மாற்றுவதா, விண்டோஸைப் புதிதாக நிறுவுவதா?
(வாசகர், சிவகாசி)

பதில்: பொதுவாக நான் புதிதாக நிறுவச் சொல்பவன். ஆறேழு ஆண்டுக் குப்பையை அள்ளிப் புது வீட்டில் கொட்டுவானேன்? ஆனால் டிடிபி வேலை என்பதால் உங்களுக்கு எச்சரிக்கை தேவை. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புகள் உங்களிடம் நூற்றுக்கணக்கில் இருக்கும். புதிய விண்டோஸில் அந்த எழுத்துரு இல்லாமல் கோப்பைத் திறந்தால், திருமணப் பத்திரிகை முழுவதும் ஆங்கில எழுத்துகளும் குறிகளுமாகக் கிறுக்கலாய்த் தெரியும். ஆகவே புதிதாக நிறுவுவதென்றால், சி டிரைவில் விண்டோஸுக்குள் இருக்கும் ஃபான்ட்ஸ் என்ற ஃபோல்டரை முதலில் தனியே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பழைய மென்பொருள்களின் நிறுவும் கோப்புகளும் உரிம எண்களும் கைவசம் இல்லையென்றால் நகலெடுப்பதுதான் உங்களுக்கு ஒரே வழி.

நகலெடுக்க குளோன்ஜில்லா என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் பலர் தாங்களே ஒன்றைத் தருகிறார்கள். குளோன்ஜில்லாவில், வாங்கிய எஸ்எஸ்டி பழைய டிஸ்க்கைவிடச் சிறியது என்றால் வழக்கமான முறையில் நகல் எடுக்க ஒப்பாது. முன்கூட்டியே பழைய டிஸ்க்கின் பார்ட்டிஷனை (பிரிவை)ச் சுருக்கிவிட்டு, சிறிய டிஸ்க்குக்கான தனித் தெரிவுகளைப் பயன்படுத்த வேண்டும். அனுபவம் இல்லாதவர்கள் இந்த இடத்தில் தெரிந்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. மூலம் எது, நகல் எது என்று கேட்கும் திரையில் டிஸ்க்கின் பெயரையும் அளவையும் இரண்டு முறை படியுங்கள். மாற்றிக் கொடுத்தால் காலியான எஸ்எஸ்டி உங்கள் டிஸ்க்கின் மேல் நகலாகிவிடும். நகல் முடிந்ததும் கணினியை அணைத்து, ஹார்ட் டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்துத் தொடங்கிப் பாருங்கள். ஒரு மாதம் வேலை சரியாக ஓடும்வரை பழைய டிஸ்க்கை அழிக்காதீர்கள்.

டெஸ்க்டாப் பெட்டிக்குள் சிறிய எஸ்எஸ்டியைப் பொருத்த இடமில்லையே என்று கவலைப்பட வேண்டாம். உள்ளே அசையும் பாகம் எதுவும் இல்லாததால், இருபக்கமும் ஒட்டும் டேப் போட்டுப் பெட்டியின் சுவரில் ஒட்டினாலும் அது பாட்டுக்கு இருக்கும். என் மேசைக்கடியில் இருப்பது அப்படித்தான் இருக்கிறது.

கேள்வி: எஸ்எஸ்டியில் குறிப்பிட்ட அளவுதான் எழுத முடியும், அதற்குமேல் தேய்ந்துவிடும் என்கிறார்கள். அதனால் டவுன்லோடு, தற்காலிகக் கோப்புகள், பேஜ் ஃபைல் எல்லாவற்றையும் ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றிவிட்டேன். சரிதானே?
(கல்லூரி மாணவர், மதுரை)

பதில்: காரை வாங்கி டயர் தேயும் என்று தள்ளிக்கொண்டு போவது போல் இருக்கிறது. தேய்வது உண்மை, ஆனால் அளவைப் பாருங்கள். எவ்வளவு எழுதும்வரை உத்தரவாதம் என்பதை டிபிடபிள்யூ (மொத்தம் எழுதக்கூடிய டெராபைட்) என்ற பெயரில் தயாரிப்பாளரே வெளியிடுகிறார். விலை குறைந்த 240 ஜிபி எஸ்எஸ்டிக்கு அது 80 டெராபைட் என்று வைத்துக்கொள்வோம். நாள்தோறும் 20 ஜிபி எழுதினாலும், வீட்டுக் கணினிக்கு அதுவே அதிகம், 4000 நாள் ஆகும். ஏறத்தாழப் பதினோரு ஆண்டு. 300 டெராபைட் உத்தரவாதமுள்ள 500 ஜிபி எஸ்எஸ்டிக்கு இதே கணக்கு நாற்பது ஆண்டைத் தாண்டுகிறது. அப்போது அதைச் செருகுவதற்குக் கணினி கிடைக்குமா என்பதுதான் என் ஐயம்.

ரேமில் இடம் போதாதபோது விண்டோஸ் பயன்படுத்தும் பேஜ் ஃபைலை எஸ்எஸ்டிக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். மிக அவசரமாகத் தேவைப்படும் பொருளைக் கொல்லைப்புறத்தில் வைத்திருக்கிறீர்கள். சிதறிய கோப்புத் துண்டுகளை ஒழுங்குபடுத்தும் டிஃபிராக் வேலைக்குத் தனி மென்பொருள் எதுவும் வேண்டாம். எஸ்எஸ்டி என்று விண்டோஸ் அடையாளம் கண்டுகொண்டு, அழித்த இடங்களைத் தெரிவிக்கும் ட்ரிம் கட்டளையைத் தானே அனுப்பும். 2009-இல் வந்த விண்டோஸ் 7 முதலே இந்த ஏற்பாடு உண்டு. தேய்மானத்தைவிட நீங்கள் கவனிக்க வேண்டியது உள்ளே இருக்கும் சிப்பின் வகை. ஒரு செல்லில் மூன்று பிட் வைப்பது டிஎல்சி, நான்கு பிட் வைப்பது கியூஎல்சி. கியூஎல்சி வகை சிலவற்றில் ஒரே மூச்சில் பல ஜிபி எழுதினால், வேகமாக எழுதுவதற்கென ஒதுக்கிய பகுதி நிறைந்ததும் வேகம் ஹார்ட் டிஸ்க்குக்கும் கீழே போய்விடுகிறது. அட்டையில் அச்சிடும் வேகத்தில் இது சொல்லப்படுவதில்லை.

கேள்வி: இருபது ஆண்டுக் குடும்பப் படங்களும் வீடியோக்களும் ஒரு டெராபைட் அளவுக்கு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கின்றன. எஸ்எஸ்டி பழுதாகாது என்பதால் அதில் ஏற்றிப் பீரோவில் பத்திரமாக வைத்துவிடலாம் என்று இருக்கிறேன்.
(வாசகர், ஈரோடு)

பதில்: செய்யாதீர்கள். கீழே விழுந்தால் தாங்கும் என்பது உண்மை. பழுதாகாது என்பது உண்மையல்ல. நானே பட்டவன். சில ஆண்டுகளுக்கு முன் விலை மலிவாக இருக்கிறதே என்று ஓர் எஸ்எஸ்டி வாங்கி லேப்டாப்பில் போட்டேன். ஓராண்டுக்கு மேல் நன்றாகத்தான் ஓடியது. ஒருநாள் இரவு கட்டுரை எழுதி மூடி வைத்தேன். காலையில் திறந்தால் டிஸ்க்கே இல்லை என்கிறது, கணினி தொடங்கும்போது முதலில் ஓடும் பயாஸ். முனகல் இல்லை, மந்தம் இல்லை, ஓர் அறிகுறியும் இல்லை. உத்தரவாதத்தில் புதிது கொடுத்துவிட்டார்கள். மூன்று மாதத்து எழுத்தை யார் கொடுப்பது? அதற்கு முன்பு செத்த என் ஹார்ட் டிஸ்க் ஒரு வாரம் டக், டக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. அந்த ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிட்டேன்.

இன்னொரு செய்தி. எஸ்எஸ்டி தகவலை மின்னேற்றமாகத்தான் வைத்திருக்கிறது. மின்சாரம் இல்லாமல் நெடுங்காலம் கிடந்தால் அது மெல்லக் கசியும். எழுதும் ஆயுள் முழுவதும் தீர்ந்துபோன வீட்டு உபயோக எஸ்எஸ்டி ஒன்று, மின்சாரம் இல்லாமல் 30 டிகிரி வெப்பத்தில் ஓராண்டு தகவலைக் காக்க வேண்டும் என்பதே ஜெடெக் என்னும் தர அமைப்பு வகுத்த வரையறை. அதிகம் எழுதப்படாத புதிய எஸ்எஸ்டி அதைவிடப் பல மடங்கு காலம் தாங்கும். ஆனால் வெப்பம் ஏற ஏறக் காலம் குறையும். மே மாதத்தில் ஈரோட்டுப் பீரோவுக்குள் 30 டிகிரிதான் இருக்கும் என்று நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

படங்கள் அரிசி மூட்டை வகை. அவற்றுக்கு எஸ்எஸ்டியின் வேகம் தேவையே இல்லை. டெராபைட்டுக்குக் குறைந்த செலவில் கிடைக்கும் ஹார்ட் டிஸ்க்கே போதும். அந்தப் பணத்தில் இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கி, இரண்டிலும் முழுமையாக நகலெடுத்து, ஒன்றை உங்கள் வீட்டிலும் இன்னொன்றை உறவினர் வீட்டிலும் வையுங்கள். பொங்கலுக்குப் பொங்கல் எடுத்து ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: 16 டெராபைட் வெளிப்புற எஸ்எஸ்டி இரண்டாயிரம் ரூபாய்க்கும் குறைவாக என்று விளம்பரம் வருகிறதே?
(வாசகர், காரைக்கால்)

பதில்: போலி. இவ்வகைப் பெட்டிகளைப் பிரித்துப் பார்த்தவர்கள் உள்ளே கண்டது செல்போனில் போடும் சிறிய மெமரி கார்டைத்தான். 16 டெராபைட் என்று கணினியிடம் பொய் சொல்லும்படி அதன் மென்பொருளைத் திருத்தியிருப்பார்கள். உண்மையான இடம் தீர்ந்த பிறகு நீங்கள் எழுதுவதெல்லாம் பழையதன் மேலேயே விழும், அல்லது காணாமல் போகும். கோப்பின் பெயர் மட்டும் தெரியும், திறக்காது.

கேள்வி: என் லேப்டாப்பில் ஏற்கெனவே சாட்டா எஸ்எஸ்டி இருக்கிறது, ரேம் 8 ஜிபி. இரண்டு டசன் பக்கங்களை பிரவுசரில் திறந்து வைத்தால் மந்தமாகிறது. 7000 எம்பி வேக என்விஎம்இ போடலாமா?
(மென்பொருள் ஊழியர், திருச்சி)

பதில்: வேண்டாம். டாஸ்க் மேனேஜரில் மெமரிப் பத்தியைப் பாருங்கள்; ரேம் வாங்குங்கள்.